நாலு பேருக்கு இரண்டு பாட்டில்

வால்தம்ஸ்டோ பக்கம் வந்திராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். விக்டோரியா லைனில் கடைசிக்கு முந்தின ஸ்டேஷன் பிளாக்ஹார்ஸ் ரோடு. அங்கே இறங்கி பிளாக்ஹார்ஸ் லேனில் நடந்தால், பழைய தொழிற்பேட்டைக் கிடங்குகளில் ஒன்றை அடுத்து ஒன்றாக பீர் காய்ச்சும் சின்னச் சின்ன ஆலைகள். இந்தப் பகுதிக்கே பிளாக்ஹார்ஸ் பீர் மைல் என்று பேர் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவதற்கென்றே ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வரும் குடும்பங்களும் உண்டு. பார்க்க நல்ல கூட்டம்தான்.

இந்த ஊரில் குடிக்காதவனை யாரும் கட்டிப்போட்டு வாயில் ஊற்றுவதில்லை. பிரச்சினை வேறு. வேலைக்குச் சேர்ந்தால் பப், வேலையை விட்டால் பப், புராஜெக்ட் லைவ் போனால் பப், ஊத்திக்கொண்டால் அதற்கும் பப். குடிக்காதவன் எங்கே போய் உட்காருவது? நம்ம ஆட்களின் விசேஷத்துக்குப் போனாலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஹாலுக்குள்ளே கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே கார் பார்க்கில் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு மாமாக்கள் வட்டமாக நிற்பார்கள். பதினெட்டு வயசு முடிந்த பையன் அந்த வட்டத்துக்குள் போகும் நாளைத்தான் பல வீடுகளில் அவன் பெரியவன் ஆன நாளாக எண்ணுகிறார்கள்.

இதே கேள்வியோடு இதே நகரத்துக்கு 1888-ல் ஒரு பையன் வந்து இறங்கினான். பெயர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அந்தக் கதை தெரிந்ததுதானே, அம்மாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம்தானே என்பீர்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அந்தச் சத்தியத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்தவை.

முதலில், அவர் பிறவியிலேயே சுத்தமான ஆள் கிடையாது. 1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தவர். வளர்ந்தது ராஜ்கோட்டில். சின்ன வயசில் சொந்தக்காரப் பையன் ஒருவனோடு சேர்ந்து சித்தப்பா குடித்துப் போட்ட சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்திருக்கிறார். துண்டு போதாதபோது வேலைக்காரரின் பையிலிருந்து காசு திருடி வாங்கியிருக்கிறார். பெரியவர்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய முடியவில்லையே என்ற வெறுப்பில் இரண்டு பேரும் செத்துப் போகலாம் என்று முடிவு செய்து, ஊமத்தை விதை தேடிப் பிடித்து, கோயிலுக்குப் போய் விளக்குக்கு நெய் ஊற்றிவிட்டு, இரண்டு மூன்று விதையை விழுங்கியதோடு பயந்து திரும்பி வந்தார்கள். புகைக்கிற பழக்கமும் அத்தோடு போனது.

அடுத்தது ஷேக் மேத்தாப் என்கிற நண்பர். நல்ல உடம்பு, வேகமாக ஓடுவார், உயரம் தாண்டுவார். வெள்ளைக்காரன் நம்மை ஆள்வதற்குக் காரணம் அவன் மாமிசம் தின்பதுதான் என்பது அந்தக் காலத்துக் குஜராத்திப் பையன்களிடையே ஓடிய பேச்சு. காந்தியும் நம்பினார். ஆற்றங்கரையில் ஒதுக்குப்புறமாக ஆட்டுக்கறி சாப்பிட்டார். அன்று ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துவது மாதிரி இருந்ததாம். இருந்தாலும் ஒரு வருஷ காலத்தில் ஐந்தாறு தடவை போயிருக்கிறார். பிறகு விட்டதற்குக் காரணம் கறி பிடிக்காமல் போனதல்ல. வீட்டுக்கு வந்து பசியில்லை என்று அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பலமானவர்கள் செய்வதைச் செய்தால் நாமும் பலமாவோம் என்ற அந்தக் கணக்கை இங்கே முதல் வேலையில் சேரும் நம்ம பிள்ளைகளிடமும் பார்க்கிறேன். மேனேஜர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பைன்ட் கிளாஸோடு நிற்கும் இடத்தில்தான் பதவி உயர்வு இருக்கிறது என்று நம்புகிறார்கள். சில ஆபீஸ்களில் அது பொய்யும் இல்லை.

அம்மா புத்லிபாய் விரதங்களிலேயே வாழ்ந்தவர். மழைக்காலத்தில் சூரியனைப் பார்க்காமல் சாப்பிடுவதில்லை என்று ஒரு விரதம். பிள்ளைகள் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மேகம் விலகியதும் ஓடிப்போய்ச் சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேலையைப் பார்ப்பார். அப்பா 1885-ல் இறந்துவிட, மேல்படிப்புக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது குடும்ப நண்பர் ஒருவர் லண்டனுக்கு அனுப்பிப் பாரிஸ்டர் ஆக்கச் சொன்னார். அம்மா விசாரித்துப் பார்த்தார். அங்கே போன பையன்கள் குடித்துக் கெட்டுப் போகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்போது பேச்சர்ஜி சுவாமி என்கிற சமணத் துறவி வழி சொன்னார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று பையன் அவர் முன்னால் சத்தியம் செய்தான். அம்மா சரி என்றார்.

சாதிக்காரர்கள் சரி என்று சொல்லவில்லை. பம்பாயில் மோத் பனியா சமூகம் கூடிக் கடல் தாண்டுவது பாவம் என்றது. கேட்காததால் சாதியை விட்டுத் தள்ளி வைத்தது. வழியனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் அறிவித்தது. 1888 செப்டம்பர் 4-ல் கப்பல் ஏறினார். வயசு 18. ஊரில் மனைவி கஸ்தூர்பாவும், அந்த வருஷம் பிறந்த கைக்குழந்தையும். குழந்தையின் பெயர் ஹரிலால். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டது. ஓர் ஆங்கிலேயப் பயணி அக்கறையாகத்தான் சொன்னார். பிஸ்கே விரிகுடா வரும்வரைக்கும் சமாளிக்கலாம், அதற்கப்புறம் குளிரில் மாமிசம் இல்லாமல் யாரும் வாழ முடியாது என்று. காந்திக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, இங்கிலீஷ் பேசக் கூச்சம். சாப்பாட்டு அறைக்கே போகாமல் வீட்டிலிருந்து கொண்டு வந்த பட்சணங்களைக் கேபினில் உட்கார்ந்து தின்றார்.

அக்டோபர் கடைசியில் லண்டன். முதல் சில வாரங்கள் படுமோசம். வீட்டு நினைப்பில் ராத்திரி அழுதிருக்கிறார். சாப்பிட எதுவும் சரிப்படவில்லை. வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாவின் வீட்டில் தங்கினார். அவருடைய இரண்டு பெண்கள் கூடுதலாக ஒரு துண்டு ரொட்டி எடுத்து வைப்பார்கள். இன்னும் வேண்டும் என்று கேட்கக் கூச்சம். எப்போதும் அரைப் பசி. கூட இருந்த குஜராத்தி நண்பர், படிக்காத அம்மாவுக்கு அங்கே செய்த சத்தியத்துக்கு இங்கே என்ன மதிப்பு என்று வாதாடுவார். பெந்தாமின் பயன்வாதப் புத்தகத்தைக்கூட உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். காந்தியிடம் பதில் இல்லை. வாதத்தில் தோற்றேன், ஆனால் சத்தியம் சத்தியம்தான் என்கிற நிலை. இதில் இன்னொன்றும் உண்டு. மனசுக்குள் அவர் அப்போதும் மாமிசம் நல்லது என்றே நம்பினார். இந்தியர்கள் எல்லோரும் ஒரு நாள் மாமிசம் சாப்பிட வேண்டும், தானும் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கையைக் கட்டியிருந்தது அம்மாவின் கயிறு மட்டும்தான்.

மலிவான சாப்பாட்டுக் கடை தேடி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடப்பார். அப்படி நடந்த ஒரு நாளில்தான் ஃபாரிங்டன் ஸ்ட்ரீட்டில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் ஏறி கிங்ஸ் கிராஸில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் ஃபாரிங்டன். நான் வாரத்தில் பல தடவை போகிற வழி. வாசல் கண்ணாடிக்குள் விற்பனைக்குப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவுக்காக வாதாடி எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அன்று முதல் சைவம் அவருடைய சொந்த முடிவானது.

பள்ளிப் பாடம் விட்டுவிடும் இடம் இதுதான். சத்தியம் அவரைச் சில மாதம் பட்டினியோடு இழுத்துப் பிடித்தது உண்மை. எத்தனை நாளைக்கு அப்படி இழுத்துப் பிடிக்க முடியும்? அவரைக் காப்பாற்றியது ஒரு சாப்பாட்டு மேஜை. அவரைப் போலவே வாழ்கிறவர்கள் உட்காரும் மேஜை. அதிலும் அந்த மேஜையைப் போட்டு வைத்திருந்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இந்த ஊர் என்றாலே குடி என்று பேசுகிறோம். குடியை விடுவதை ஒரு மக்கள் இயக்கமாக நடத்திக் காட்டியதும் இதே நாடுதான். 1832-ல் லங்காஷயரில் பிரெஸ்டன் என்ற ஊரில் ஜோசப் லிவ்சி என்கிற பாலாடைக்கட்டி வியாபாரியும் கூட ஆறு பேரும் மதுவே தொடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். குழந்தைகளுக்காக 1847-ல் லீட்ஸில் பேண்ட் ஆஃப் ஹோப் தொடங்கியது. தாமஸ் குக் என்றால் நமக்கு ஹாலிடே கம்பெனிதான் ஞாபகம் வரும். அவர் 1841-ல் முதன்முதலாக ரயில் பயணம் ஏற்பாடு செய்தது லெஸ்டரிலிருந்து லஃப்பரோவில் நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போக. வில்லியம் பூத் ஒயிட்சேப்பல் தெருக்களில் 1865-ல் தொடங்கிய பணிதான் பிறகு சால்வேஷன் ஆர்மி ஆனது. காந்தி வந்து இறங்கிய லண்டனில் ஜின் கடைகளும் இருந்தன, இவர்களும் இருந்தார்கள்.

மேஜை கிடைத்த பிறகும் தடுமாற்றம் நின்றுவிடவில்லை. ஒரு நாள் நண்பர் அவரை நாடகத்துக்குக் கூட்டிப் போவதற்கு முன் ஹோபர்ன் ரெஸ்டாரண்டுக்கு அழைத்துப் போனார். அரண்மனை மாதிரி இடம். அங்கே வைத்தால் வாயைத் திறக்க மாட்டான், கொடுத்ததைத் தின்றுவிடுவான் என்று நண்பரின் திட்டம். சூப் வந்தது. காந்தி வெயிட்டரைக் கூப்பிட்டு இது காய்கறி சூப்தானா என்று கேட்டார். நண்பருக்கு மானம் போய்விட்டது. நாகரிகமாக நடக்கத் தெரியாவிட்டால் வெளியே போ என்றார். காந்தி நிஜமாகவே எழுந்து போய்விட்டார். பக்கத்திலிருந்த சைவ உணவகம் மூடியிருந்தது. பட்டினியோடு நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நண்பர் சங்கடப்படுகிறாரே, சாப்பாட்டு விஷயத்தில் பட்டிக்காடாக இருந்தாலும் மற்ற எல்லாவற்றிலும் ஜென்டில்மேன் ஆகிக் காட்டிவிடலாம் என்று கிளம்பினார். 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பி. பாண்ட் ஸ்ட்ரீட்டில் 10 பவுண்டுக்கு மாலைநேர சூட். ஊரிலிருந்து அண்ணனிடம் சொல்லித் தங்கச் சங்கிலி. 3 பவுண்டு கட்டி டான்ஸ் வகுப்பு. தாளம் பிடிபடாததால் காதைப் பழக்க இன்னொரு 3 பவுண்டுக்கு வயலின். மேடைப் பேச்சுக்கு ஒரு கினி. மூன்று மாதம் போல இந்தக் கூத்து நடந்தது. குடிக்காத ஆள் அதற்கு ஈடாக வேறு எதையாவது கூட்டத்துக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று நினைப்பது 1889-லேயே இருந்திருக்கிறது. நம்மில் சிலர் எல்லோருடைய ரவுண்டுக்கும் காசு கொடுக்கிறோம். சிலர் எல்லோரையும் காரில் வீட்டில் கொண்டு போய் விடுகிறோம். காந்தி வயலின் வாங்கினார்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சிக்கனத்துக்குத் திரும்பினார். வாரம் 8 ஷில்லிங் வாடகைக்கு ஒற்றை அறை, ஓர் அடுப்பு, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும். சாப்பாட்டுச் செலவு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ். டீ, காபியைக்கூட விட்டுவிட்டார்.

இப்போது இன்னர் டெம்பிள். 1888 நவம்பர் 6-ல் அங்கே சேர்ந்திருந்தார். அன்றைக்குப் பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சையைவிட விருந்து முக்கியம். 12 டெர்ம், அதாவது ஏறக்குறைய மூன்று வருஷம். ஒவ்வொரு டெர்மிலும் 24 விருந்து அளவில் நடக்கும், குறைந்தது 6-ல் உட்கார்ந்திருக்க வேண்டும். சாப்பிட்டே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் கடைசிவரை இருக்க வேண்டும். நம்ம டீம் டின்னர் மாதிரியேதான், இதற்கு மட்டும் சட்டப் படிப்பு என்று பேர்.

நாலு நாலு பேராக உட்காருவார்கள். நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின். ஒருவர் குடிக்காவிட்டால் மீதி மூன்று பேருக்கு இரண்டு பாட்டில். கணக்கு தெரிந்த மாணவர்கள் காந்தியைத் தங்கள் மேஜைக்கு இழுக்கப் போட்டி போட்டார்கள். ஒவ்வொரு டெர்மிலும் ஒரு பெரிய விருந்து நாள் வரும். அன்றைக்குப் போர்ட், ஷெர்ரியோடு ஷாம்பேனும் உண்டு. அன்று அவர் கட்டாயம் வர வேண்டும் என்று தனியாகவே சொல்லி அனுப்புவார்கள். குடிக்காததாலேயே அந்த ஹாலில் அதிகம் தேடப்பட்ட ஆள் அவர்தான். தட்டில் அவருக்குக் கிடைத்தது ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். அப்புறம் ஒரு பார்சி மாணவரோடு சேர்ந்து விண்ணப்பம் போட்டுச் சைவச் சாப்பாடு வாங்கிக்கொண்டார். அந்த மேஜையில் அவர் யாருக்கும் உபதேசம் செய்ததாகத் தெரியவில்லை. அவர்கள் குடித்தார்கள், இவர் உட்கார்ந்திருந்தார். அவர்களும் இவரைத் திருத்தப் பார்க்கவில்லை. பாட்டில் கணக்கு எல்லோருக்கும் சரியாக இருந்தது.

அந்த மூன்று வருஷத்தில் அவர் முழுசாக உண்மையோடு இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. கல்யாணமாகிக் குழந்தை இருக்கிற விஷயத்தை மற்ற இந்திய மாணவர்களைப் போலவே மறைத்து வைத்திருந்தார். பிரைட்டனில் பழக்கமான வயதான அம்மா ஒருவர் ஞாயிறுதோறும் விருந்துக்குக் கூப்பிட்டு, ஓர் இளம்பெண்ணைப் பேச விட ஆரம்பித்த பிறகுதான் பயந்துபோய்க் கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதினார்.

1890 செப்டம்பரில் லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம் கிடைத்தது. சங்கத் தலைவர் ஆர்னால்ட் ஹில்ஸ். தேம்ஸ் அயன்வொர்க்ஸ் கப்பல் கட்டும் நிறுவனத்தின் முதலாளி, மது தொடாதவர். அவர் தன் தொழிலாளர்களுக்காக 1895-ல் தொடங்கிய கால்பந்துக் குழுதான் இன்றைய வெஸ்ட் ஹாம் யுனைடெட். மைதானத்தில் பீர் கையோடு கத்துகிற எத்தனை ரசிகர்களுக்கு இது தெரியுமோ! சங்கத்தில் டாக்டர் அலின்சன் என்பவர் கருத்தடையை ஆதரித்ததால் அவரை நீக்க வேண்டும் என்று ஹில்ஸ் சொன்னார். காந்திக்கும் கருத்தடையில் உடன்பாடு இல்லை. ஆனால் சைவ உணவுச் சங்கத்தில் இருக்கச் சைவமாக இருந்தால் போதும், மற்ற ஒழுக்கங்களை வைத்து ஒருவரை வெளியே தள்ளக்கூடாது என்று எழுதிக்கொண்டு போனார். எழுந்து படிக்கக் கூச்சம், வேறொருவர் படித்தார். தீர்மானத்தில் தோற்றார். குடிக்காதவர்கள் ஒன்று சேர்ந்தால் உடனே யார் சுத்தம், யார் அரைச் சுத்தம் என்று பட்டியல் போட ஆரம்பிப்பார்கள். இருபத்தொரு வயசில் அவர் அந்தப் பட்டியலுக்கு எதிராக நின்றார்.

பேஸ்வாட்டரில் நண்பர் ஜோசயா ஓல்ட்ஃபீல்டுடன் ஒரே வீட்டில் தங்கி, அந்தப் பகுதிக்கென்று ஒரு சின்ன சைவ கிளப்பும் நடத்தினார். ஓல்ட்ஃபீல்டு தலைவர், எட்வின் ஆர்னால்ட் துணைத் தலைவர், காந்தி செயலாளர். இப்போது அவரே மேஜை போடுகிறவர் ஆகிவிட்டார். 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்புவதற்கு முன்னால் நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். இடம், சூப்புக்காக வெளியேறிய அதே ஹோபர்ன் ரெஸ்டாரண்ட். சைவ உணவகத்தில் சைவம் கிடைப்பதில் என்ன அதிசயம், மற்ற இடத்திலும் கிடைக்கட்டுமே என்று நினைத்து, அங்கேயே முழுக்கச் சைவச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வைத்தார். நன்றி சொல்ல எழுந்தவருக்கு இரண்டாவது வாக்கியம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

பம்பாயில் கப்பல் இறங்கியபோதுதான் அம்மா இறந்துவிட்ட செய்தி தெரிந்தது. வெளிநாட்டில் தனியாக இருக்கிற பையன் தாங்க மாட்டான் என்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார். சத்தியம் வாங்கியவர் இல்லை. ஆனால் சத்தியம் இதற்குள் அவருடையதாக ஆகிவிட்டிருந்தது.

தென்னாப்பிரிக்கக் காலத்தை இங்கே முழுசாகச் சொல்ல முடியாது. அங்கே அவர் பார்த்த ஒப்பந்தக் கூலிகளில் மிகப் பலர் தமிழர்கள். குடி அந்தக் குடும்பங்களை என்ன செய்தது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். 1910-ல் நண்பர் காலன்பாக் கொடுத்த 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது மதுவுக்கும் புகைக்கும் இடமில்லை என்று விதி வைத்தார். இந்தியா திரும்பிய பிறகு அது தேசத்தின் கொள்கையாகவே ஆனது. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டினார். 1930 ஜனவரியில் காந்தி வைஸ்ராய்க்கு வைத்த 11 கோரிக்கைகளில் முதலாவது முழு மதுவிலக்கு. 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டு வந்தார். பிற்பாடு 2003-லிருந்து தமிழ்நாட்டு அரசே டாஸ்மாக் கடை நடத்துவதில் வந்து நிற்கிற கதை உங்களுக்குத் தெரியும். சட்டத்தால் வந்தது சட்டத்தால் போகும். காந்திக்குக் குடிக்காமல் இருப்பது சட்டத்தால் வந்ததல்ல.

சட்டமும் இல்லாமல் உபதேசமும் இல்லாமல் வேறொரு வழியை அவர் 1931-ல் நம்ம பக்கத்திலேயே பார்த்தார். மியூரியல் லெஸ்டர் என்ற பெண்மணி 1883-ல் பிறந்தது லெய்ட்டன்ஸ்டோனில். வால்தம்ஸ்டோவும் லெய்ட்டன்ஸ்டோனும் இன்று ஒரே வால்தம் ஃபாரஸ்ட் கவுன்சில். கப்பல் தொழிலில் வசதியான குடும்பம். அவரும் தங்கை டோரிஸும், தமிழில் எழுதினால் விரட்டுவது மாதிரி ஒலிக்கும் ‘போ’ என்ற ஏழைப் பகுதியில் போய்க் குடியேறினார்கள். இங்கிருந்து நாலைந்து மைல்தான். அங்கே வேலை முடிந்து வருகிற தொழிலாளிக்குக் கதகதப்பும் வெளிச்சமும் பேச்சுத் துணையும் உள்ள ஒரே அறை பப்தான். குடிக்காதே என்று சொல்லிவிட்டு அவனை எங்கே அனுப்புவது? 1915-ல், இறந்துபோன தம்பி கிங்ஸ்லியின் நினைவாக, ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தை வாங்கி மது இல்லாத பப் ஒன்றைத் திறந்தார்கள். நெருப்பு உண்டு, விளையாட்டு உண்டு, அரட்டை உண்டு, பீர் மட்டும் இல்லை. அதுதான் கிங்ஸ்லி ஹால்.

மியூரியல் 1926-ல் சபர்மதி ஆசிரமத்துக்கு வந்தவர். வட்டமேஜை மாநாட்டுக்காக 1931 செப்டம்பரில் லண்டன் வந்த காந்தி, வெஸ்ட் எண்ட் ஹோட்டல் வேண்டாம் என்று போவிஸ் ரோட்டில் 1928-ல் கட்டிய புது கிங்ஸ்லி ஹாலின் மொட்டைமாடி அறையில் ஏறக்குறைய 12 வாரம் தங்கினார். விடிவதற்கு முன்னால் அந்தத் தெருக்களில் நடப்பார். பிள்ளைகள் அங்கிள் காந்தி என்று கூடவே ஓடுவார்கள். பிறந்தநாளுக்குப் பொம்மைகள் கொடுத்தார்கள். கானிங் டவுனில் ஒரு டாக்டர் வீட்டில் சார்லி சாப்ளின் அவரைப் பார்க்க வந்தார். பேச்சு இயந்திரங்களைப் பற்றிப் போனது. சாப்ளினின் அப்பா குடியாலேயே சிறு வயதில் செத்துப் போனவர். அன்று அந்தப் பேச்சு எழுந்ததாகப் பதிவு இல்லை.

அந்த மொட்டைமாடி அறையில் தூங்கிய மனிதருக்கு ஊரில் குடிக்கு அடிமையான மகன் இருந்தான். 1888-ல் விட்டு வந்த கைக்குழந்தை ஹரிலால்.

ஹரிலால் சாதாரண ஆள் இல்லை. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகத்தில் இருபது இருபத்திரண்டு வயசிலேயே பல தடவை ஜெயிலுக்குப் போனவர். சின்ன காந்தி என்று கூப்பிட்டார்கள். அவருடைய ஆசை ஒன்றுதான், அப்பாவைப் போல லண்டன் போய் பாரிஸ்டர் ஆவது. டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா ஒரு பையனை லண்டனில் படிக்க வைக்கப் பணம் தர முன்வந்தபோது காந்தி அதைத் தன் மகனுக்குத் தரவில்லை, உறவினர் சகன்லாலை அனுப்பினார். அவர் உடல்நலம் கெட்டுத் திரும்பிய பிறகு ஒரு பார்சி இளைஞருக்கு வாய்ப்புப் போனது. 1911-ல் ஹரிலால் அப்பாவை விட்டு விலகினார். 1918-ல் இன்ஃப்ளூயன்ஸா பரவிய சமயத்தில் மனைவி குலாப் இறந்தார். அதற்கப்புறம் குடி, கடன், வியாபார நஷ்டம், 1936-ல் மதம் மாறி அப்துல்லா ஆனது, கொஞ்ச மாதத்தில் திரும்பி வந்தது. இதனால்தான் குடித்தார் என்று ஒற்றைக் காரணம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தம்பிகள் மூன்று பேரும் அதே வீட்டில்தான் வளர்ந்தார்கள், அவர்கள் வாழ்க்கை இப்படிப் போகவில்லை. கடைசித் தம்பி தேவதாஸ் 1933-ல் கல்யாணம் செய்தது ராஜாஜியின் மகள் லட்சுமியை. அதாவது சேலத்தில் கள்ளுக்கடையை மூடியவர் ஹரிலால் வீட்டுக்குச் சம்பந்தி.

ஆனால் ஒன்று சொல்லலாம். தகப்பன் தன் சத்தியத்தை லண்டனில் மூன்று வருஷம் சொந்தமாகச் சோதித்துப் பார்த்தார். தோற்றார், தொப்பி வாங்கினார், பொய் சொன்னார், நண்பர்களைத் தேடிக்கொண்டார், கடைசியில் தனதாக்கிக்கொண்டார். பிள்ளைகளுக்கு அது முடிந்துபோன தீர்ப்பாக வந்தது. சோதித்துப் பார்க்க ஓர் ஊரும், தவறிப் போய்த் திரும்பி வர ஒரு மேஜையும் ஹரிலாலுக்குக் கிடைக்கவில்லை. இங்கே பிள்ளை வளர்க்கிற நம்மில் குடிக்காத பெற்றோர் பலர், நான் தொட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். எப்படித் தொடாமல் இருந்தோம், யாரோடு உட்கார்ந்தோம், எந்த நாள் தொட்டுவிடலாம் என்று தோன்றியது என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்வதில்லை.

காந்தியும் கஸ்தூர்பாவும் ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒரு தடவை, கட்னி ஸ்டேஷனில் கூட்டம் காந்திக்கு ஜே போட்டுக்கொண்டிருக்க, ஒரு குரல் மட்டும் அம்மாவுக்கு ஜே போட்டது. கிழிந்த துணியும் நரைத்த தலையுமாக ஹரிலால். பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அப்பா தனக்கில்லையா என்று கேட்டபோது இல்லை என்றார். அம்மா தன் முன்னாலேயே அதைச் சாப்பிட வேண்டும் என்றார். எங்களோடு வந்துவிடு என்று அம்மா கூப்பிட்டார். அவர் வரவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

1944 பிப்ரவரியில் புனேயில் ஆகா கான் மாளிகையில் காவலில் இருந்த கஸ்தூர்பா சாகும் தறுவாயில் கிடந்தார். மூத்த மகனைப் பார்க்க வேண்டும் என்றார். தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். குடித்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து அம்மா நெற்றியில் அடித்துக்கொள்ள, மகனை வெளியே கொண்டு போனார்கள். 22-ம் தேதி அவர் இறந்தார்.

1948 ஜனவரி 30-ல் காந்தி கொல்லப்பட்டார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 18-ல் பம்பாயில் ஒரு மருத்துவமனையில் ஹரிலால் இறந்துபோனார். வயசு 59.